நிலத்துக்கு நிலையான ஓர் எண்

கேரளத்தின் தமிழக எல்லையோர ஊரான எருத்தேன்பதியில் ஒரு தென்னந்தோப்பை வாங்க நினைக்கிறவர் பழைய ஆதாரப் பத்திரத்தை விரித்துப் பார்ப்பாரேயானால், கிழக்கே இன்னார் தோட்டம், தெற்கே ஊர்ப்பாதை, மேற்கே வாய்க்கால் என்று அண்டை அயலைக் கொண்டே அந்நிலம் அடையாளம் சொல்லப்பட்டிருப்பதைக் காண்பார். அந்த இன்னார் தோட்டத்தை விற்று ஊரைவிட்டுப் போய்விட்டால் சாசனம் யாரைச் சுட்டும்? சர்வே எண் இக்குறையை ஒருவாறு தீர்த்தது. ஆனால் ரீசர்வே நடந்த ஊர்களில் அந்த எண்ணே மாறிற்று. நிலவரிப் பதிவேட்டிலுள்ள தண்டப்பேர் எண்ணோ உடையவரின் கணக்கைக் குறிப்பதேயன்றி நிலத்தைக் குறிப்பதன்று. ஊரின் பெயரையே எருத்தேன்பதி என்றும் எருத்தேம்பதி என்றும் இருவிதமாக எழுதும் இந்த எல்லைப் பிரதேசத்தில், பெயரை நம்பித் தேடுவது எவ்வளவு சிரமம் என்பதை இங்குள்ள தமிழ்க் குடியானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கணினித் துறையினரும் இதே சங்கடத்தை அனுபவித்தவர்களே. பொருள்களை அப்படியே சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில் ஒன்று மற்றொன்றை எதனால் சுட்டுவது, பெயராலா, இருக்கும் இடத்தாலா, குணங்கள் மாறினும் மாறாத ஓர் எண்ணாலா என்ற பிரச்னையை, கணினி ஆய்வாளர்களான கோஷாஃபியனும் கோப்லாண்டும் 1986ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விரிவாக ஆராய்ந்தார்கள். இடத்தையே அடையாளமாகக் கொண்டால் பொருளை விரைவில் எட்டலாம். ஆயினும் அது இடம் பெயர்ந்த கணத்தில் சுட்டுகள் யாவும் பொய்த்துப் போகும். தனக்கென அர்த்தம் ஏதுமற்ற ஓர் எண்ணைக் கொடுத்து, அப்பொருள் இன்று எங்கிருக்கிறது என்பதைத் தனிப் பட்டியலில் வைத்தால் ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும், அவ்வளவே. அந்த ஒரு படியை நிலக் கணக்கிலும் தயங்காமல் ஏற வேண்டும் என்பதே என் திடமான அபிப்பிராயம்.

2022 நவம்பர் 1ஆம் தேதி கேரளம் 'என்டெ பூமி' என்ற டிஜிட்டல் ரீசர்வேயைத் தொடங்கியது; மத்திய அரசோ ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்ட 14 இலக்க அடையாளத்தை வழங்கி வருகிறது. இரண்டும் வரவேற்கத்தக்க முயற்சிகள். எனினும் பாகப்பிரிவினையில் தோப்பு மூன்றாகும்போது பழைய எண்ணை அழித்துவிடாமலும், வேறு நிலத்துக்குக் கொடுத்துவிடாமலும், மூன்று புதிய எண்களையும் அது சுட்டும்படி என்றென்றும் காத்து வைக்க வேண்டும். பாட்டனார் காலத்து ஆதாரத்திலுள்ள எண்ணைக் கிராம அலுவலகத்துக் கணினியில் இட்டால், பேரன் இன்று நீர் பாய்ச்சும் துண்டு திரையில் வரவேண்டும்.