புதுப் பந்து வேண்டாம், தம்பி



போன வாரம் போலிங் கூடத்தில் எடுத்த படத்தைப் போட்டேன். வாழ்த்துச் சொன்னவர்களைவிட விசாரித்தவர்கள்தான் அதிகம். "சார், இந்த வயசுல முதுகு பிடிச்சிக்கப் போகுது" என்று நால்வர். திருச்சியில் இருக்கும் என் அத்தை மகள், "அத்தான், நீங்க எத்தனை விக்கெட் எடுத்தீங்க?" என்று கேட்டிருந்தார். அம்மா, இது கிரிக்கெட் இல்லை. பேரங்காடி மாடியில் குளிர்சாதன அறைக்குள் பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் விளையாட்டு. ('பின்' என்று எழுதினால் முன் பின் எது என்று குழப்பம் வரும். கட்டை என்றே எழுதுகிறேன்.) மலேசியாவில் இதற்கு நல்ல மவுசு உண்டு. 1998-இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது இதையும் சேர்த்திருந்தார்கள். ஷாலின் சுல்கிப்ளியின் பெயரை இங்குள்ள பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேறு விஷயம். எங்கள் வியாழக்கிழமை லீக்கில் மூன்று பேர் ஓர் அணி. நான், என் மச்சான், என்னிடம் ஆறாம் ஆண்டு படித்த ஒரு மாணவன். நாற்பத்திரண்டு வயது ஆளை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். எனக்கு அவன் இன்னும் மூன்றாம் வரிசை ஜன்னலோரம்தான். அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற பருவத்தின் கடைசி இரவில் ஆறே கட்டை வித்தியாசத்தில் தோற்றோம். ஒன்பதாவது ஃபிரேமில் வலது கோடியில் ஒற்றைக் கட்டை நின்றது. அவன் உருட்டிய இரண்டாம் பந்து அதைத் தொடாமல் ஓர வாய்க்காலில் விழுந்தது. கூடமே "ஐயோ" என்றது. காலணியைக் கழற்றும்போது அவன் சொன்னான்: "சார், நான்தான் உங்களையெல்லாம் தோக்க வைக்கிறேன். ஒண்ணு, புதுப் பந்து ஒண்ணு வாங்கணும். இல்லேன்னா அடுத்த பருவத்துக்கு வேற ஆளப் பாத்துக்குங்க." அவன் சொன்ன பந்து ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டி வரும். இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு.

கணக்கு வாத்தியாரிடம் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? "உன் எட்டு வாரத் தாள்களைக் கொடு" என்றேன். வாரத்துக்கு மூன்று ஆட்டம், மொத்தம் 24 ஆட்டம், 240 ஃபிரேம். பேனாவை எடுத்து இரண்டு இரவு உட்கார்ந்தேன். என் மனைவி, "விடைத்தாள் திருத்துற பழக்கம் போகல" என்றார். உண்மைதான்.

விளையாடத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஓர் ஆட்டத்துக்குப் பத்து ஃபிரேம். கடைசியைத் தவிர ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்டிரைக். பத்துடன் அடுத்த இரண்டு பந்துகளில் விழுவதும் சேரும். மிச்சத்தை இரண்டாம் பந்தில் தள்ளினால் ஸ்பேர். பத்துடன் அடுத்த ஒரு பந்தில் விழுவது சேரும். இரண்டு பந்திலும் முடியாவிட்டால் விழுந்தது மட்டும்தான் கணக்கு.

இப்போது ஒரு பயிற்சிக் கணக்கு, பழைய மாணவர்கள் தாளை எடுங்கள். ஒருவர் பத்து ஃபிரேமிலும் முதல் பந்தில் ஒன்பது தள்ளி, மிச்சம் ஒன்றை ஒருமுறைகூட விழுத்தவில்லை. மொத்தம் 90. இன்னொருவர் அதே ஒன்பது, ஆனால் ஒவ்வொரு முறையும் மிச்சம் ஒன்றைத் தள்ளிவிடுகிறார், கடைசிக் கூடுதல் பந்திலும் ஒன்பது. மொத்தம் 190. ஒரு ஸ்டிரைக்கூட இல்லை.

இந்த 190 எடுத்தவருக்கு நடுவில் ஒரே ஒரு ஃபிரேமில் ஸ்டிரைக் விழுந்தால் எவ்வளவு ஆகும் என்று லீக்கில் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். 200 என்றார்கள், 210 என்றார்கள். விடை 192. இரண்டே புள்ளி கூடும். அதே ஃபிரேமில் ஸ்டிரைக் விழாமல், ஒற்றைக் கட்டையையும் விட்டுவிட்டால் 180. பத்துப் புள்ளி போகும். ஸ்டிரைக் விழுந்தால் கையைத் தட்டிக் குதிக்கிறோம், ஒற்றைக் கட்டையை விட்டால் "பரவாயில்லை" என்கிறோம். குதிப்பதும் பரவாயில்லையும் இடம் மாறியிருக்க வேண்டும்.

ஸ்டிரைக்குக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. அடுத்தடுத்து இரண்டு விழுந்தால் 12 கூடும், மூன்று விழுந்தால் 23 கூடும். பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் ஏறுகிறார்கள். ஆனால் 130, 140 சராசரியில் நிற்கிற நமக்கு வரிசையாக மூன்று எப்போதாவது வருகிற மழை. ஒற்றைக் கட்டையோ ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்று தடவை வந்து நிற்கிறது.

அவன் தாளுக்கு வருகிறேன். 240 ஃபிரேமில் ஸ்டிரைக் 52. எனக்கு அதே எட்டு வாரத்தில் 38தான். என்னைவிடப் பதினான்கு அதிகம்! ஆனால் சராசரி அவனுக்கு 138, எனக்கு 147. காரணம் கீழே கிடந்தது. ஒற்றைக் கட்டை நின்றது 74 முறை. எடுத்தது 29, விட்டது 45. எனக்கு 80 முறை நின்றது, 61 முறை எடுத்திருக்கிறேன். ஒரு முறை விட்டால் அந்தக் கட்டை ஒன்று, அடுத்த பந்தில் விழும் சுமார் எட்டு, ஆக ஒன்பது போகிறது. 45-ஐ ஒன்பதால் பெருக்கி 24-ஆல் வகுத்தால் ஆட்டத்துக்குப் பதினேழு. அவன் சராசரி 155 ஆகியிருக்க வேண்டும். கைக்கு எட்டியது தரையில் கிடக்கிறது, இவன் கடையில் பந்து பார்க்கிறான்.

இதில் வெட்கப்படவேண்டியவன் நானும்தான். அந்தக் கடைசி இரவுத் தாளையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாவது ஃபிரேமில் அவன் விட்டதற்கு அடுத்த பந்து எட்டு. அவனால் போனது ஒன்பது புள்ளி. அதே ஆட்டத்தில் நான்காவது ஃபிரேமில் நானும் ஒற்றைக் கட்டையை விட்டிருக்கிறேன். எனக்கு அடுத்த பந்து ஸ்டிரைக். அப்படியானால் என்னால் போனது பதினொன்று. தோற்றது ஆறில். நான் விட்டது யாருக்கும் நினைவில்லை, எனக்கே நினைவில்லை. கடைசியில் விட்டவன் பழியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனான். ஒரு வாரம் கழித்து இந்தக் கணக்கை அவனிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் மச்சான் இதற்கு ஓர் எதிர்வாதம் வைத்தார், அதையும் எழுதிவிட வேண்டும். "சராசரி ஏறினா ஹேண்டிகேப் இறங்கிடுமே, அப்புறம் என்ன லாபம் மாமா?" எங்கள் லீக்கில் 200-க்கும் உங்கள் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் 80 விழுக்காடு கூட்டித் தருவார்கள். 138 சராசரிக்கு 49 கிடைக்கும், 155-க்கு 36. பதினேழு ஏறினால் பதின்மூன்று இறங்கும், நிகர லாபம் நான்கு. கணக்கு சரிதான். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் சிலர் பருவத் தொடக்கத்தில் வேண்டுமென்றே மோசமாக உருட்டிச் சராசரியைத் தாழ்த்தி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் லீக்கிலும் அப்படி ஓர் அணி உண்டு. அவர்களோடு சேர்ந்து காப்பி குடிப்பேன், அவர்களைப்போல் விளையாடமாட்டேன். நான்கு புள்ளியாவது நேர்மையாகக் கூடட்டும். போன தடவை ஆறில் தோற்றோம் என்பதை மச்சானுக்கு நினைவுபடுத்துகிறேன்.

சரி, ஒற்றைக் கட்டையை எப்படி எடுப்பது? வலது கைக்காரர்களுக்கு வலது கோடிக் கட்டைதான் எமன். அதற்குப் பத்தாம் எண். ஸ்டிரைக்குக்கு உருட்டுகிற அதே வளைவுப் பந்தை அதற்கும் உருட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பந்து கடைசி நேரத்தில் இடப்பக்கம் திரும்பிக் கட்டையைத் தொடாமல் போகும். திரும்பிவிடுமே என்று பயந்து வலப்பக்கம் தள்ளி விட்டால் வாய்க்கால். அவன் 45-இல் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்று.

தேவைப்படுவது வளையாத பந்து. அது கடையில் இல்லை, கூடத்தின் அலமாரியிலேயே சும்மா கிடக்கிறது. அங்கே எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பந்துகள் பெரும்பாலும் கெட்டியான பிளாஸ்டிக் மேற்பரப்பு கொண்டவை, தடத்து எண்ணெயில் வழுக்கி நேராக ஓடும். விலையுயர்ந்த பந்துகள் எண்ணெய் குறைந்த இடத்தில் தரையைப் பிடித்துக்கொண்டு திரும்புவதற்கென்றே செய்தவை. ஒற்றைக் கட்டைக்கு அந்தக் குணமே எதிரி. பொதுப் பந்தில் விரல் துளை உங்களுக்கு அளவெடுத்தது இல்லை என்பது உண்மை. கட்டைவிரல் இறுகாமலும் நழுவாமலும் இருக்கிற ஒன்றைப் பொறுமையாகத் தேடுங்கள். எடையில் வீரம் காட்டாதீர்கள். நான் 11 பவுண்டில் உருட்டுகிறேன்.

பந்தை எடுத்துக்கொண்டு தடத்தின் இடக் கோடிக்குப் போய் நில்லுங்கள். தடத்தில் ஏழு அம்புக்குறிகள் இருக்கும். நடு அம்புக்குறியின் மேல் குறுக்காக, மணிக்கட்டைத் திருப்பாமல், கைகுலுக்க நீட்டுவதுபோல் விடுங்கள். கண் கட்டையில் இருக்கக் கூடாது, அம்புக்குறியில் இருக்க வேண்டும். கட்டைகள் அறுபது அடி தொலைவில், அம்புக்குறி அதில் ஏறக்குறைய கால்பங்கு தூரத்தில். கிட்ட இருப்பதைக் குறிபார்ப்பது சுலபம். ஒரு பலகை இப்படி அப்படிப் போனால் அடுத்த முறை நிற்கும் இடத்தை மாற்றுங்கள், கையை மாற்றாதீர்கள். இடது கோடிக் கட்டைக்கு இதையே கண்ணாடியில் பார்த்ததுபோல் வலப்பக்கமிருந்து செய்யலாம்.

இன்னொன்று. ஓரத்தில் தனியாக நிற்கும் கட்டையைப் பார்த்தால் ஊசிபோல் தெரியும், பயம் வரும். பந்தின் அகலம் எட்டரை அங்குலம், கட்டையின் வயிற்றுப் பகுதி கால் குறைய ஐந்து அங்குலம். பந்தின் ஏதாவது ஓரம் கட்டையின் ஏதாவது ஓரத்தைத் தொட்டால் போதும். தடத்தின் நடுவில் நிற்கும் கட்டைக்கு நம் பந்து பதின்மூன்று அங்குலத்துக்குள் எங்கே போனாலும் விழும். கோடிக் கட்டைக்கு வாய்க்கால் இருப்பதால் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். இதைச் சொன்னபோதுதான் அவன் முகத்தில் முதன்முதலாக வெளிச்சம் வந்தது. பின்னத்தைப் பாதி ரொட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த அன்றும் அதே முகம்தான்.

பயிற்சிக்கு வேலைநாள் காலையில் போங்கள், எங்கள் கூடத்தில் அப்போது கட்டணமும் குறைவு. திரையில் வரும் புள்ளியைப் பார்க்காதீர்கள். பத்துக் கட்டையும் நிற்கும்போதே முதல் பந்தை வலது கோடிக்கு மட்டும் விடுங்கள், இரண்டாவதை இடது கோடிக்கு. பக்கத்துத் தடத்துப் பையன்கள் 'தாத்தாவுக்குக் குறி தவறுகிறது' என்று சிரிப்பார்கள். என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஸ்டிரைக் போடத் தெரிந்த பிள்ளைகளையே நானும் முப்பது வருடம் மேடையேற்றிக் கைதட்டினேன். மிச்சமிருந்த ஒரு மதிப்பெண்ணை முக்கி முனகி எடுத்த பிள்ளைகளை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

பந்து அவன் இன்னும் வாங்கவில்லை. மூன்று செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போகும் வழியில் என்னோடு வந்தான். முதல் நாள் வலது கோடியில் பத்துக்கு மூன்று. நேற்று பத்துக்கு ஆறு. "அடுத்த பருவம் விளையாடுறியா?" என்று கேட்டேன். "பாக்கலாம் சார்" என்றான். வியாழன் இரவு எட்டரைக்கு முதல் ஆட்டம். அணிப் பட்டியலில் அவன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். இதைப் படிக்கும் 94-ஆம் ஆண்டு வகுப்புக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் வந்து உட்காருங்கள். ஒற்றைக் கட்டை விழும்போது மட்டும் சத்தமாகக் கைதட்ட வேண்டும், சொல்லிவிட்டேன்.