கணிப்பொறியில் தேநீர் கொட்டிவிட்டால்...



மேசைக் கணிப்பொறி இன்று நம் இல்லங்களில் ஆடம்பரப் பொருளாக இல்லை. பிள்ளைகளின் பாடங்கள், கடைக் கணக்குகள், பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம் ஆகியவற்றின் நகல்கள், நிக்காஹ் நாளில் எடுத்த படங்கள் எனக் குடும்பத்தின் பாதி வரலாறு அந்தப் பெட்டிக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதே மேசையில்தான் தேநீர்க் குவளையும் வைக்கப்படுகிறது. நோன்புக் காலமாயின் கஞ்சிக் கிண்ணமும் சர்பத்தும் வந்து சேர்கின்றன. ஒரு நொடிக் கவனக் குறைவில் அவை சாய்ந்துவிட்டால் என்ன செய்வது? இம்மாதம் அதைப் பற்றிப் பார்ப்போம்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் நிறுத்துங்கள். கணிப்பொறியைக் கெடுப்பது தண்ணீர் மட்டுமன்று. ஈரம் இருக்கும்போதே பாயும் மின்சாரந்தான் பெருந்தீங்கு விளைவிக்கிறது. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குழாய்த் தண்ணீரில் உப்புகள் கரைந்துள்ளன. தேநீரிலும் கஞ்சியிலும் சொல்லவே வேண்டியதில்லை. மதர்போர்டில் செப்புக் கோடுகள் மயிரிழை இடைவெளியில் ஓடுகின்றன. அங்கே ஈரமும் மின்னழுத்தமும் ஒன்று சேர்ந்தால், செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து, அடுத்த கோட்டை எட்டும் வண்ணம் நுண்ணிய பாலமாகப் படியும். அதன் முடிவு ஷார்ட் சர்க்யூட். ஆகவே, "வேலை செய்கிறதா, போட்டுப் பார்ப்போம்" என்னும் அவசரமே நனைந்த கணிப்பொறிக்கு முதற்பகை.

முதல் சில நிமிடங்கள்

திறந்திருக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாக மூடிக் கொண்டிராதீர்கள். சுவரிலுள்ள ஸ்விட்சை உடனே அணையுங்கள். ஸ்விட்சோ, தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியோ நனைந்திருந்தால் அதைத் தொடவே கூடாது. உலர்ந்த கையுடன், காலில் செருப்பணிந்து சென்று, வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைக்க வேண்டும். கணிப்பொறியைவிட உயிர் பெரிது.

பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. யு.பி.எஸ். இருக்கும் வீடுகளில் சுவர் ஸ்விட்சை அணைத்தாலும், அதன் பேட்டரி கணிப்பொறிக்கு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். எனவே யு.பி.எஸ்ஸையும் அணையுங்கள். பின்னர்ப் பெட்டியின் பின்புறமுள்ள மின் கம்பியைக் கழற்றுங்கள். இன்றைய கணிப்பொறிகளில், அணைத்து வைத்திருக்கும் நிலையிலும், கம்பி செருகப்பட்டிருக்கும்வரை மதர்போர்டுக்கு 5 வோல்ட் மின்சாரம் சென்றுகொண்டிருக்கும். கம்பியை நீக்கிய பிறகு, முன்புறப் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் எஞ்சியுள்ள மின்சாரம் பெருமளவு வடிந்துவிடும்.

எங்கே கொட்டியது?

பெரும்பாலும் நனைவது கீபோர்டு மட்டுமே. அதைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து, நீரை வடித்து, இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். அதன் பின்னரும் சில எழுத்துகள் விழாமலோ, தாமாகவே விழுந்துகொண்டோ இருந்தால், புதிதாக ஒன்று வாங்குவதே சிக்கனம்.

மானிட்டரின் மேல் பட்டிருந்தால் துணியால் ஒற்றியெடுத்து, நிமிர்த்து வைத்தே உலர விடுங்கள். அதைத் திறக்க முயல வேண்டாம்.

பெட்டிக்குள் நீர் இறங்கியிருந்தால் வேலை சற்று அதிகம். பின்புறத் திருகுகளைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டை அகற்றுங்கள். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடலில் தேங்கிய நிலைமின்சாரம் நீங்கும். நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியையும், நினைவக அட்டைகளையும், செருகியுள்ள பிற அட்டைகளையும் மெல்லக் கழற்றி எடுங்கள். எது எங்கிருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக் கொள்வது நலம்.

ஓர் எச்சரிக்கை! மின்சாரம் நுழையும் பவர் சப்ளை பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக் கூடும். அதற்குள் நீர் புகுந்திருந்தால் மாற்றிவிடுவதே அறிவுடைமை.

துடைப்பதும் உலர்த்துவதும்

வெறும் தண்ணீர் என்றால் உலர்த்துவதே பெரும்பாலும் போதும். சர்க்கரை, பால், எலுமிச்சை கலந்தவை அப்படியல்ல. நீர் ஆவியான பிறகும் அவற்றின் பிசுக்கு அங்கேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, உலோகத்தை அரிக்கும். சர்க்கரை ஆல்கஹாலில் எளிதில் கரையாது. ஆகவே, முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த மென்மையான பிரஷ்ஷினால் பிசுக்கைக் கரைத்து ஒற்றியெடுங்கள். அடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அது தீப்பற்றக் கூடியது. அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. மாவுத் தூசிதான் மிஞ்சும். தலைமுடி உலர்த்தும் கருவியின் வெப்பக் காற்று, நீரைச் சில்லுகளுக்கு அடியில் தள்ளிவிடும், பிளாஸ்டிக்கையும் வளைக்கும். மேசை விசிறியின் காற்றே போதுமானது. குறைந்தது 48 மணி நேரம். கடலோர ஊர்களிலும் மழைக் காலத்திலும் 72 மணி நேரம். சில்லுகளின் அடியிலுள்ள மெல்லிய இடைவெளியில் நீர் ஒட்டிக்கொண்டு எளிதில் வெளிவராது என்பதாலேயே இத்தனை பொறுமை தேவைப்படுகிறது.

சோதனை முறை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பூட்டி இயக்காதீர்கள். பேட்டரியையும் ஒரே ஒரு நினைவக அட்டையையும் மட்டும் பொருத்தி, ஹார்டு டிஸ்க்கை இணைக்காமல் இயக்குங்கள். விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிட்டால், எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம், உடனே நிறுத்திவிடுங்கள். விசிறி சுழன்றும் திரையில் ஒன்றும் தெரியாவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்து நினைவக அட்டையை மீண்டும் துடைத்துப் பொருத்துங்கள், அல்லது வேறு இடத்தில் செருகிப் பாருங்கள். திரை தெரிந்தால், ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். எதைச் சேர்த்ததும் நின்றதோ, பழுது பெரும்பாலும் அதில்தான். பேட்டரியைக் கழற்றியதால் தேதி மாறியிருக்கலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

கணிப்பொறி இயங்கிவிட்டது என்று மகிழ்ந்து அப்படியே விட்டுவிடாதீர்கள். அரிப்பு, வாரங்கள் கழித்தும் தன் வேலையைக் காட்டும். ஆகவே முதற்பணியாக, முக்கியமானவை அனைத்தையும் வேறோர் இடத்தில் நகலெடுத்து விடுங்கள்.

மதர்போர்டு போய்விட்டாலும்...

ஒருவேளை மதர்போர்டு கெட்டே போனாலும் மனம் தளர வேண்டாம். உங்கள் படங்களும் கணக்குகளும் மதர்போர்டில் இல்லை. ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. அது நனையாமல் தப்பியிருந்தால், வேறொரு கணிப்பொறியில் இணைத்து எடுத்துக் கொள்ளலாம். அது நனைந்திருந்தால் மட்டும், எக்காரணம் கொண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள், திறக்கவும் செய்யாதீர்கள்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய காயல்பட்டினத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் அறிவோம். வெள்ள நீரில் சேறும் கழிவும் கலந்திருக்கும். அதில் மூழ்கிய ஹார்டு டிஸ்க்கை வெயிலில் காய வைத்தால், சேறு உள்ளேயே இறுகிவிடும். உலர்த்தாமல், நெகிழிப் பையில் இட்டு மூடி, தகவல் மீட்பில் தேர்ந்தவர்களிடம் கொடுப்பதே முறை.

பழுது நீக்குபவரிடம் செல்லும்போது, கொட்டியது பாலா, உப்பு நீரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைப் பொறுத்தே அவர் சுத்தம் செய்யும் முறை அமையும்.

பெற்றோர் கவனத்திற்கு

நிறைவாக ஒரு வேண்டுகோள். இவ்விபத்தில் மிகவும் ஆபத்தானது, எவருக்கும் தெரியாமல் நேர்வதுதான். குவளையைத் தட்டிவிட்ட பிள்ளை, அடிக்கு அஞ்சி மேசையை மட்டும் துடைத்துவிட்டு மௌனமாய் இருந்துவிட்டால், சற்று நேரத்தில் விவரம் அறியாத மற்றொருவர் வந்து ஸ்விட்சைப் போடுவார். காப்பாற்றியிருக்கக் கூடிய பொருள் அந்த ஒரு நொடியில் பாழாகும். ஸ்விட்சைப் போட்டவருக்கும் மின் அதிர்ச்சி நேரக்கூடும்.

ஆகவே, இன்றே பிள்ளைகளை அழைத்துச் சொல்லி வையுங்கள்: "ஏதேனும் கொட்டிவிட்டால் நீயாக எதையும் தொடாதே, உடனே ஓடி வந்து சொல். நாங்கள் கோபிக்க மாட்டோம்." அவ்வாறு ஒரு பிள்ளை வந்து சொல்லும் நாளில், சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். அன்று நீங்கள் ஏசினால், அடுத்த முறை அது உங்களிடம் வராது. கணிப்பொறி போனால் வேறொன்று வாங்கிக் கொள்ளலாம். பிள்ளை உங்கள் மீது வைத்த நம்பிக்கையை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.