குருத்தோலையும் வெங்காயச் சருகும்

பண்டிகை என்றதும் சிவகாசியின் பெயரோடு வாணவெடியின் ஓசையும் சேர்ந்தே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அச்சீமையில் வெடியோசை வேண்டாத பண்டிகையும் ஒன்று உண்டு. ஈஸ்டர் என்னும் உயிர்ப்புத் திருநாளே அது. அதற்குப் பனங்குருத்தும் அடுப்படிச் சருகும் போதும்.

கரிசல் பூமிக்கு இத்திருநாள் புதிதன்று. 1854 முதல் வட திருநெல்வேலிக் கிராமங்களில் கூடாரம் அடித்து ஊர் ஊராய்ச் சென்ற ராக்லாந்து பாதிரியார், 1858-ல் சிவகாசியிலேயே காலமானார். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் என்ற பெயரே அம்மிஷன் காலத்தை நினைவூட்டுவது. ஈஸ்டர் மார்ச்சு 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையே ஏதேனும் ஒரு ஞாயிறன்று வரும். அதற்கு முந்திய ஞாயிறே குருத்தோலை ஞாயிறு.

அன்று குழந்தைகள் செய்யத் தக்கது ஓலைச் சிலுவை. விரலகலமுள்ள இரண்டு குருத்தோலைத் துண்டுகளை எடுத்துக்கொள்க. ஒன்று சாண் நீளமும் மற்றது அதில் பாதியும் இருக்கட்டும். நீண்ட துண்டின் மேல் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கி, நெடுக்கு வாட்டில் அருகருகே இரு கீறல் இட வேண்டும். கீறலின் நீளம் குறுக்கோலையின் அகலம் இருந்தால் போதும். குறுக்கோலையை ஒரு கீறலில் நுழைத்து மறு கீறலில் வாங்கினால், பசையும் நூலும் இல்லாமலே சிலுவை நிற்கும். கத்தோலிக்க இல்லங்களில் இதனை ஆண்டு முழுவதும் காப்பாற்றுவர். உலர்ந்த ஓலையை எரித்த சாம்பலே அடுத்த ஆண்டு சாம்பற் புதனன்று நெற்றியில் இடப்படுகிறது.

மிஞ்சிய ஓலையில் காற்றாடி செய்யலாம். சமநீளமுள்ள இரு துண்டுகளைக் குறுக்காக வைத்து நடுவில் கருவேல முள்ளால் குத்துக. நான்கு நுனிகளையும் ஒரே பக்கமாகச் சிறிது முறுக்கிவிடுக. முள்ளை ஒரு குச்சியில் செருகி ஓடினால், கோடைக்காற்றில் அது விர்ரென்று சுழலும். நுங்கு வந்துவிட்டதாயின் வண்டியும் ஆயிற்று: நுங்கு தோண்டிய இரு வெறுங்காய்களைக் குச்சியால் இணைத்துக் கவைக்கம்பால் தள்ள வேண்டியதே.

இனி முட்டை. தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்த ஐரோப்பிய நாடுகளில், ஈஸ்டரன்று அதற்கு வண்ணமிட்டு உண்பது வழக்கமாயிற்று. மூடிய கல்லறையிலிருந்து வெளிவரும் உயிருக்கு அதனை அடையாளமாகக் கொண்டனர். நம் அடுக்களையிலேயே அவ்வண்ணம் இருக்கிறது. கைந்நிறைய வெங்காயச் சருகை நீரில் கால்மணி நேரம் கொதிக்க வைத்து ஆறவிடுக. வெள்ளை முட்டையின்மேல் ஒரு கொத்தமல்லி இலையைப் பதித்து, மெல்லிய பழந்துணியால் இறுகக் கட்டி, அந்நீரில் ஒரு கரண்டி காடியும் சேர்த்துப் பத்து நிமிஷம் வேகவிடுக. துணியை அவிழ்த்தால் செம்பழுப்பு ஓட்டின்மேல் இலையின் உருவம் வெளிறித் தோன்றும். சருகுக்குப் பதில் மஞ்சள்தூள் இட்டால் பொன்னிறம் வரும். கொதிநீர் வேலை பெரியவர்களுடையது. இலை பதிப்பது குழந்தைகளுடையது.

இவற்றை அற்ப விளையாட்டென்று எண்ணலாகாது. 1923-ல் ஐய நாடாரும் ஷண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்று வந்து தொடங்கிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்த்த பூமிக்குச் சோறு போட்டது. ஆயின் குழந்தையின் கைவேலை என்ற சொல், வெகுகாலம் அங்கே கூலிக்குத் தீப்பெட்டி ஒட்டுவதையே குறித்தது. சிவகாசியைப் பற்றிய வழக்கிலேதான் 1996-ல் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் சிறுவரை அமர்த்திய முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. அதே வயதுக் கை இன்று தன் மகிழ்ச்சிக்காக ஓலை மடிக்குமாயின், அது சிறிய காரியமன்று.

ஒன்று மட்டும் மறவற்க. அச்சகத்து வண்ணக் காகிதத் துண்டுகளை அலங்காரத்துக்குத் தாராளமாய்க் கொள்ளலாம். பட்டாசுச் சாலையிலிருந்து வந்த காகிதக் குழலையோ திரியையோ குழந்தைகள் தொடவும் விடலாகாது. அவற்றில் மருந்து ஒட்டியிருக்கக்கூடும். கிறிஸ்தவரல்லாத அயல்வீட்டுக் குழந்தைகளையும் அழைத்து உட்கார வையுங்கள். பனை எல்லோர்க்கும் பொதுவன்றோ!