கொல்லிப்பாவையின் வெண்சிரிப்பு

கொல்லிமலைச் சாலையிலே கொண்டை ஊசி வளைவுகள் 70 உண்டு. ஏறுகிறவர்கள் ஆகாயகங்கை அருவி காண ஏறுகிறார்கள். இறங்குகிறவர்களிலே பலர் பிழைப்புத் தேடி இறங்குகிறார்கள். மேலே மிளகு விளைகிறது, காப்பி விளைகிறது, பலா கனிகிறது. விளைவித்தவன் வீட்டுப் பிள்ளையோ கீழே ஆலை வாயிலிலே, ஒப்பந்தக்காரரின் ஏட்டிலே ஓர் எண்ணாக நிற்கிறான்.

அந்த மலைக்கு ஒரு பழங்கதை உண்டு, தோழர்களே! குறுந்தொகையும் நற்றிணையும் அறிந்த கொல்லிப்பாவையின் கதை. அழகே உருவானவள் அவள். அவள் சிரிப்பாள், சிரிப்பிலே மயங்கி அருகே சென்றவன் உயிருடன் மீளமாட்டான் என்று கூறுவர். பாவை சிரிக்கும் என்று நம்புமாறு பகுத்தறிவுப் பாசறையிலே பயின்ற நாம் சொல்வோமா? சொல்லமாட்டோம். ஆனால், அழகு காட்டி ஆளைக் கொல்லும் பொருள் ஒன்று உண்டு என்பதை மறுக்கவும் மாட்டோம். அது இன்று ஆலைக்குள்ளே வந்து நிற்கிறது. அதன் பெயர் உலர் பனிக்கட்டி. தொழிலாளர் வழக்கிலே 'டிரை ஐஸ்'.

நாடகம் எழுதுவோருக்கு அது பழைய துணை. வானுலகம் காட்ட வேண்டுமா? ஒரு வாளி வெந்நீர், அதிலே இரண்டு கட்டி, மேடையெங்கும் மேகம்! நாரதர் நடந்து வருவார், நாமும் கைதட்டுவோம். இப்போது மணமேடைக்கும் அந்த மேகம் வந்துவிட்டது. அந்த வெண்மை, குளிரால் திரண்ட நீர்த்துளிகளே. கொல்லக்கூடிய வாயு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. புகை கலைந்தது, ஆபத்தும் கலைந்தது என்று எண்ணுபவன் ஏமாந்தான்.

கரியமில வாயு உறைந்தால் உலர் பனிக்கட்டி. அதன் குளிர் சுழியத்துக்குக் கீழே 78.5 பாகை செல்சியசு. அது உருகி நீராவதில்லை, நேரே வாயுவாகிறது. 1 கிலோ கட்டி, 500 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரிகிறது. அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே தரையிலே படியும், பள்ளத்திலே தேங்கும்.

இந்தப் பனியை அரிசிமணி போலச் சிறு குருணைகளாக்கி, அழுத்தக் காற்றோடு குழாய் வழியே செலுத்தி, துப்பாக்கி போன்ற கைப்பிடியினின்று அழுக்கின் மீது வீசும் பொறி ஒன்று உண்டு. நாமக்கல் லாரிகளின் டயரிலே வரிவரியாகப் பள்ளங்கள் காண்கிறோமே, அத்தகைய வரிகளை வார்க்கும் அச்சுகளைத் தூய்மை செய்ய இப்பொறி பயன்படுகிறது. உணவு ஆலைகளிலும் மின் கருவிகளிலும் பயன்படுகிறது. நீர் தேவையில்லை, அமிலம் தேவையில்லை, மணல் தேவையில்லை. மணல் வீசித் தூய்மை செய்த தொழிலாளி நுரையீரலிலே கல்தூள் படிந்து மாண்ட கொடுமையை அறிந்தவர்கள் நாம். ஆகவே இப்பொறியை எதிர்த்து நாம் கொடி பிடிக்கவில்லை. பொறி வரட்டும்! பொறியை வாங்கப் பணமிருந்தவருக்கு, பொறியைப் பிடிப்பவனைக் காக்க மட்டும் பணமில்லாமற் போவதேன் என்று கேட்கிறோம், அவ்வளவே!

கொல்லியை ஆண்ட வல்வில் ஓரி எய்த அம்பு ஒன்று. அது துளைத்த உயிர்கள் ஐந்து. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று புறநானூறு நமக்கு அறிவிக்கிறது. இந்தப் பொறியின் அம்புக்கும் ஐந்து ஆபத்துகள் உண்டு.

முதலாவது குளிர். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்தது போலப் புண்ணாகும். 2024 மார்ச்சு மாதம், குருகிராம் நகரத்து உணவகம் ஒன்றிலே, உண்டபின் வாய்மணக்கத் தரும் பொருளுக்குப் பதிலாக உலர்பனி தரப்பட்டது. வாயிலிட்ட ஐவர் இரத்தம் உமிழ்ந்து மருத்துவமனை சேர்ந்தனர். குளிர் தாங்கும் கையுறையின்றி இதைத் தொடலாகாது. காற்றுப் புகாத கலத்திலே அடைத்து மூடவும் கூடாது. வாயு பெருகிக் கலம் வெடிக்கும்.

இரண்டாவது விசை. துப்பாக்கி முனையை விளையாட்டாகக்கூட மனிதர் பக்கம் திருப்பாதீர்கள். பெயர்ந்து தெறிக்கும் அழுக்கும் கண்ணைப் பறிக்கும். முகம் முழுதும் மறைக்கும் கவசம் வேண்டும். குழாயைக் கழற்றுமுன் உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

மூன்றாவது ஓசை. 85 டெசிபல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் செவி ஏற்கலாகாது என்பது தொழில்நல வல்லுநர் வகுத்த அளவு. 100 டெசிபல் என்றால் அந்த நேரம் 15 நிமிடமாகச் சுருங்கும். இப்பொறியின் முழக்கமோ 100ஐத் தாண்டக்கூடியது. செவிக்கவசம் ஆடம்பரமன்று.

நான்காவது மின்பொறி. வறண்ட பனி விரைந்து உரசும்போது நிலைமின்சாரம் தோன்றும். பொறியையும் தூய்மை செய்யும் பொருளையும் நிலத்தோடு கம்பியால் இணைத்திட வேண்டும். பெட்ரோல், தின்னர் போன்றவற்றின் ஆவி உலவுமிடத்தில் பொறியை இயக்கவே கூடாது.

ஐந்தாவது, மூச்சு! முதல் நான்கும் காயப்படுத்தும். இது ஓசையின்றி உயிரைக் கொண்டுபோகும். 1986 ஆகஸ்டு 21ஆம் நாள் இரவு, ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டு நியோஸ் ஏரி கக்கிய கரியமில வாயு பள்ளத்தாக்குகளிலே இறங்கிற்று. 1,700க்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவிலே, பிறந்தநாள் விழாவுக்கு மேகம் காட்ட நீச்சல் குளத்திலே உலர்பனியைக் கொட்டினர், மூவர் இறந்தனர். வானுலகக் காட்சி காண விரும்பியவர்கள், வாழ்வையே இழந்தார்கள்!

கணக்கொன்று போட்டுப் பாருங்கள். பொறி மணிக்கு 50 கிலோ பனியைச் செலவிடுவதாகக் கொள்வோம். அது ஏறத்தாழ 27 கன மீட்டர் வாயு. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள கூடம் 500 கன மீட்டர். காற்றோட்டமில்லையேல், ஒரே மணி நேரத்தில் அக்கூடத்துக் காற்றிலே 5 விழுக்காடு கரியமில வாயு. 8 மணி நேரம் உழைக்கும் இடத்திலே இருக்கத்தக்க அளவு எவ்வளவு? அரை விழுக்காடு! 4 விழுக்காடு என்பதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட எல்லை. அந்த எல்லையையும் தாண்டியாயிற்று. அவன் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறான்.

'மானி வைத்திருக்கிறோமே!' என்பார் மேலாளர். எந்த மானி ஐயா? ஆக்சிஜன் அளக்கும் மானிதானே? காற்றிலே ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. கரியமில வாயு 5 விழுக்காடு கலந்தாலும் அது 19.9 வரைதான் இறங்கும். அந்த மானி அபாய மணி அடிப்பதோ வழக்கமாக 19.5இல். மணி அடிக்காது, மனிதன் விழுவான்! ஆகவே கரியமில வாயுவையே அளக்கும் மானி வேண்டும். அது தரைக்கு அருகேயும் அளக்க வேண்டும். வாயுவை வெளியேற்றும் விசிறியும் தரை மட்டத்திலே அமைய வேண்டும். தூசி தடுக்கும் முகமூடி இந்த வாயுவைத் தடுக்காது; வெளியிலிருந்து காற்றுத் தரும் மூச்சுக்கருவி ஒன்றே தொட்டிக்குள் இறங்குபவனைக் காக்கும். தலைவலி, தலைச்சுற்றல், மேல்மூச்சு வாங்குதல் கண்டால் களைப்பென்று எண்ணாதீர்கள்; உடனே வெளியேறுங்கள்.

சட்டம் இல்லையா? இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, வாயு தேங்கும் தொட்டிக்குள் ஒருவனை அனுப்புமுன், ஆபத்தில்லை என்று தகுதியுடையவர் எழுத்திலே சான்று தர வேண்டும் என்றது. இல்லையேல் இறங்குபவன் மூச்சுக்கருவி அணிந்து, கயிறு பிணைத்த இடைவார் கட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றது. அச்சட்டத்தின் இடத்திலே, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமர்ந்துள்ளது. மின்விசையோடு 10 பேர் உழைத்தால் முன்பு அது தொழிற்சாலை. இப்போது அந்தப் பெயர் பெற 20 பேர் வேண்டுமாம்! 12 பேர் பட்டறையிலே கரியமில வாயு, 'இது தொழிற்சாலையன்று' என்று ஒதுங்கிப் போகுமா?

கழிவுநீர்த் தொட்டியிலே மாண்டவர் குடும்பத்துக்கு 2014இல் 10 லட்சம் என்றது உச்சநீதிமன்றம். 2023இல் 30 லட்சம் என்றது. பிணத்துக்கு விலை உயர்ந்தது. பிணமாகாமல் தடுக்கும் கயிற்றைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். உள்ளே விழுந்தவனைக் காப்பாற்ற ஓடியவனும் உடன் விழுந்த கதை நம் நாட்டிலே எத்தனை! அன்பு அவனை உள்ளே அழைத்தது. அறியாமை அவனைத் திரும்ப விடவில்லை.

அந்த அறியாமை யார் செய்த குற்றம்? பொறியோடு வரும் கையேடு ஆங்கிலத்திலே. பொறியைப் பிடிப்பவன் அறிந்ததோ தமிழ்! 1965இல் மொழிக்காக உயிரீந்த நாடு இது. எச்சரிக்கை தாய்மொழியில் இல்லாத காரணத்தால் ஓர் உயிர் போவதை இந்த நாடு பொறுக்கலாமா? கோட்டையிலே எவர் கொலுவிருந்தாலும் நம் கோரிக்கை இதுவே: இத்தகைய பொறி ஒவ்வொன்றின் மீதும் தமிழிலே எச்சரிக்கை வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சம்பளத்தோடு பயிற்சி வேண்டும், சரியான மானி வேண்டும், ஒருவன் உள்ளே உழைத்தால் வெளியே ஒருவன் காவலிருக்க வேண்டும். பத்துப் பேர் பட்டறைக்கும் இது பொருந்த வேண்டும்.

மலை இறங்கி வந்த தோழர்களே! நாளைக் காலை கூடத்துக்குள் நுழையுமுன் இரண்டே கேள்விகள் கேளுங்கள். கரியமில வாயுவை அளக்கும் மானி எங்கே? வெளியே நிற்கப்போகிறவர் யார்? தனியாகக் கேட்டால் திமிர் என்பார்கள். சேர்ந்து கேட்டால் விதி என்று ஒப்புவார்கள். விடை கிடைக்கும்வரை விசையிலே விரல் வைக்காதீர்கள்.