தணிக்கைக்குக் காட்டினால் வக்கீல் ரகசியம் போய்விடுமா?



போன வருஷம் எங்க ஊர்ல ஒரு கட்டுமான வேலை பாதியில நின்னுபோச்சு. ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் போயாச்சு, கம்பி மட்டும் துருப்பிடிச்சு நிக்குது. அந்த முன்பணத்தைக் கொடுக்கலாம்னு சட்டப்பிரிவு சொன்னதா, வேண்டாம்னு சொன்னதா என்று கேட்டு ஒரு ஆர்டிஐ மனு போட்டேன். இரண்டே வரியில் பதில் வந்தது: கேட்டது சட்டக் கருத்து, பிரிவு 8(1)(இ)-யின் கீழ் தர இயலாது.

சரி, எனக்குத் தர வேண்டாம். தணிக்கைக்கு வந்தவங்களுக்காவது காட்டினீங்களா என்று நேரில் போய்க் கேட்டேன். அங்கிருந்த அதிகாரி சங்கடமா சிரிச்சுட்டுச் சொன்னார்: "அவங்களுக்குக் காட்டினா ஊருக்கே காட்டின மாதிரி தம்பி. நாளைக்கு கோர்ட்ல எதிராளி கையில இருக்கும். யார் பொறுப்பு?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரலை. அவருடைய பயத்துக்கு நம்ம சட்டத்தில் நேரடியான பதில் இல்லை என்பதுதான் பிரச்சினை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

வக்கீலும் கட்சிக்காரரும் பேசிக்கொள்வது ரகசியம். (கட்சிக்காரர்னா நாம இல்லீங்க, வக்கீலை வெச்சிருக்கிறவர்.) 1872 சாட்சியச் சட்டத்தில் 126-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 132-வது பிரிவு. இந்த ரகசியம் வக்கீலுக்குச் சொந்தமில்லை, கட்சிக்காரருக்குச் சொந்தம். அவர் ஒப்புக்கொள்ளாமல் வக்கீல் வாய் திறக்கக் கூடாது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2025-ல் பார்த்தோம். சட்டக் கருத்து எழுதிக் கொடுத்ததற்காக மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தத்தாருக்கு அமலாக்கத்துறை சம்மன் அனுப்பியது. வழக்கறிஞர்கள் கொதித்தெழுந்ததும் திரும்பப் பெற்றது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, அக்டோபர் 31-ல் தீர்ப்புச் சொன்னது: கட்சிக்காரரின் விவரத்தைக் கேட்டு வக்கீலை இஷ்டத்துக்குக் கூப்பிட முடியாது. சட்டம் சொல்லும் விதிவிலக்கு இருந்தால் மட்டும், அதுவும் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு. அதே தீர்ப்பில் இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட ஆலோசகருக்கு 132-ன் பாதுகாப்பு கிடையாது. அப்படியென்றால் அரசுச் சட்டத்துறையில் சம்பளம் வாங்கி எழுதும் அதிகாரியின் குறிப்பு எந்தப் பக்கம்? கோர்ட் வழக்கு வழக்காகத் தேடுவதைவிட, சட்டத்திலேயே எழுதித் தீர்க்க வேண்டிய கேள்வி இது.

"அரசாங்கத்துக்கு எதுக்குங்க ரகசியம்? மக்கள் காசுதானே?" என்று நம்ம ஆட்களே கேட்பாங்க. காவிரியை நினைச்சுப் பாருங்க. 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் நமக்கு 177.25 டிஎம்சி என்று ஆனது. அதுக்கு முன்னாடி இத்தனை வருஷமா நம்ம வக்கீல்கள் அரசுக்கு என்னென்ன எழுதியிருப்பாங்க? 'இந்த வாதம் நிற்கும், அந்த இடத்தில் நாம பலவீனம்' என்றுதானே. அந்தத் தாள் எதிர்த் தரப்பு கையில் கிடைச்சா நஷ்டம் டெல்டா விவசாயிக்குத்தான். நமக்குப் பலவீனம் எங்கே என்று வக்கீல் பயமில்லாமல் எழுத முடியணும். எழுத முடியாவிட்டால் வாயால் சொல்வார், கோப்பில் ஒன்றும் இருக்காது. பிறகு தணிக்கை செய்யவும் ஒன்றும் இருக்காது.

ஆக, ரகசியமும் வேணும், கண்காணிப்பும் வேணும். நம்ம சட்டம் இதில் பாதி வேலையைத்தான் செஞ்சிருக்கு.

சிஏஜி-க்கான 1971 சட்டத்தின் 18-வது பிரிவு, தணிக்கைக்குத் தொடர்புடைய கணக்கு, புத்தகம், ஆவணம் எதையும் கேட்டு வாங்கும் அதிகாரம் தருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் 18(4) இன்னும் கறார். புகாரை விசாரிக்கும்போது ஆணையம் எந்தப் பதிவையும் பார்க்கலாம், எந்தக் காரணம் சொல்லியும் அதனிடமிருந்து மறைக்கக் கூடாது. நல்ல வரிகள். ஆனால் 'காட்டு' என்று சொன்ன சட்டம், 'காட்டியதால் உன் ரகசியம் போய்விடாது' என்று எங்கேயும் சொல்லலை. சிஏஜி அலுவலகமும் ஆர்டிஐ-க்கு உட்பட்டதுதான். கோப்பு அங்கே போன பிறகு, அங்கே ஒருத்தர் மனு போட்டால் என்ன ஆகும்? எங்க ஊர் அதிகாரியின் பயம் இந்த ஓட்டையிலிருந்துதான் வருது. பயப்படுகிறவருக்கு இது பயம். மறைக்க நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற தோழர்களுக்குச் சட்டுனு புரியும். ஆடிட்டருக்கு ரீட் ஆக்சஸ் கொடுத்தா ரெப்போ பப்ளிக் ஆயிடாது. பெர்மிஷனை எழுதி வெச்சிருப்போம், அவ்வளவுதான். இங்கே அந்த எழுத்து இல்லை.

நடைமுறையில் முடியாத காரியமும் இல்லை. ரஃபேலையே எடுத்துக்குவோம். 36 விமானங்கள். 2018 டிசம்பர் 14 தீர்ப்பில், விலை விவரம் சிஏஜி-யிடம் தரப்பட்டது, அந்த அறிக்கையை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு பரிசீலித்தது என்ற பொருளில் வரிகள் இருந்தன. அப்போது அந்த அறிக்கை நாடாளுமன்றத்துக்கே வரலை! மூடிய உறையில் கொடுத்த குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அரசே மறுநாள் திருத்த மனு போட்டது. 'கண்காணிப்பு அமைப்புக்குக் காட்டிட்டோம்' என்ற ஒரு வாக்கியத்தையே கேடயமா பிடிக்கலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அறிக்கை தாக்கலானது 2019 பிப்ரவரி 13-ல். அதில் விலையை மறைத்தே வெளியிட்டாங்க. (மறைத்தது தப்பு என்பது என் கட்சி. அந்தச் சண்டை தனி.) ஆனால் சட்ட அமைச்சகம் என்ன ஆலோசனை சொன்னது என்பது அதில் இருந்தது. இவ்வளவு முன்பணம் போகிறது, பிரான்ஸ் அரசின் உத்தரவாதம் வாங்குங்கள் என்று அமைச்சகம் சொன்னதும், கடைசியில் கிடைத்தது ஆறுதல் கடிதம் மட்டுமே என்பதும் நமக்குத் தெரிந்தது அப்படித்தான். சட்டக் கருத்தின் சாரம் சிஏஜி வழியாக நாடாளுமன்றத்துக்கு வந்தது, வானம் இடிந்து விழலை.

ஆட்சி மாறினாலும் கதை இதேதான். 2010 நவம்பர் 16-ல் வந்த 2ஜி அறிக்கையிலும் சட்ட அமைச்சகத்தின் யோசனை இருந்தது: அமைச்சர்கள் குழுவிடம் விடலாம் என்று. அந்த வழக்கில் 2017 டிசம்பர் 21-ல் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது ஊருக்கே தெரியும். இங்கே நான் சொல்ல வருவது வேற. இரண்டு ஆட்சியிலும் சிஏஜி சட்டக் கருத்தைப் பார்த்தது. எதைக் காட்டணும், எதை அச்சில் போடலாம் என்பதற்கு மட்டும் எழுதிய விதி இல்லை. பெரிய கோப்பு என்றால் டெல்லியில் எப்படியோ நடக்குது. எங்க ஊர் கோப்பு அலமாரியிலேயே தூங்குது.

கனடாவில் இதே முடிச்சு 2008-ல் விழுந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பெண் தன்னைப் பற்றிய கோப்பைக் கேட்டார். வக்கீல் கடிதங்களை மட்டும் நிறுவனம் தர மறுத்தது. தனியுரிமை ஆணையர் 'எனக்காவது காட்டு' என்றார். 'பிளட் ட்ரைப்' வழக்கு என்று பெயர். ஜூலை 17-ல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது, பொதுவாக 'ஆவணம்' என்று எழுதியிருப்பதை வைத்து வக்கீல் ரகசியத்தைத் திறக்க முடியாது, சட்டம் வெளிப்படையாகச் சொல்லணும் என்று. பதினோரு வருஷம் கழித்து, 2019-ல், அவங்க நாடாளுமன்றம் அரசுத் துறைகள் விஷயத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. தகவல் ஆணையர் வக்கீல் ரகசியம் உள்ள பதிவையும் பார்க்கலாம், துறை அப்படிக் காட்டுவது ரகசியத்தை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. சில உட்பிரிவுகள்தான்!

நம்ம இரண்டு சட்டத்திலும் இதையே கேட்கிறோம். சட்டக் கருத்தும் காட்டணும், காட்டியதால் ரகசியம் போகாது, பார்த்த அலுவலகம் அதை மூன்றாவது ஆளுக்கோ, புலனாய்வு அமைப்புக்கோ கைமாற்றக் கூடாது. அதே சமயம் கருத்து எந்தத் தேதியில் வந்தது, துறை அதை ஏற்றதா, மீறியதா, மீறினால் எவ்வளவு பணம் போனது என்பதை அறிக்கையில் எழுதத் தடை இருக்கக் கூடாது. கருத்தின் முழு வாசகம் வேண்டாம், குறைந்தபட்சம் வழக்கு முடியும்வரை.

'தப்பு பண்ணவே வக்கீலிடம் வழி கேட்டிருந்தால்?' அதுக்குப் பாதுகாப்பே கிடையாது. சட்டவிரோத நோக்கத்துக்காக நடந்த பேச்சை 132-வது பிரிவே விலக்கி வெச்சிருக்கு. பொதுநலன் பெரிது என்றால் வெளியிடலாம் என்று ஆர்டிஐ 8(2)-ம் சொல்லுது.

திருத்தம் வரும்வரை கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. ஆர்டிஐ போடுகிற தோழர்கள் கவனிங்க. கருத்தின் நகலைக் கேட்காதீங்க. தேதி, எழுதியவரின் பதவி, அது ஏற்கப்பட்டதா, தணிக்கையிடம் வைக்கப்பட்டதா, இதை மட்டும் கேளுங்க. மறைக்க வேண்டியதை மறைத்து மீதியைத் தரச் சொல்ல பிரிவு 10 இருக்கு. மறுத்தால் 19-ன் கீழ் மேல்முறையீடு, 18-ன் கீழ் புகார், இரண்டையும் தனித்தனியாகப் போடுங்க. புகார் வழியில் ஆணையம் தகவலைத் தரச் சொல்லி உத்தரவிட முடியாது என்று 2011-ல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு, அதனால் மேல்முறையீட்டை விட்டுடாதீங்க. ஆனால் பதிவை ஆணையமே வரவழைத்துப் பார்க்கும் 18(4) அதிகாரம் புகாரோடுதான் வருது. மனுவில் அந்த எண்ணை மறக்காமல் எழுதுங்க.

நான் இரண்டும் போட்டிருக்கேன். இன்னும் விசாரணைத் தேதி வரலை. வந்ததும் இதே பக்கத்தில் போடுறேன்.