மெமரி கார்டு வாங்கப் போறீங்களா? ஜிபி கணக்கை மறந்துடுங்க

டிஸ்கி: இது கேமரா நிபுணர்களுக்கான பதிவு கிடையாது. நானே கத்துக்குட்டி. ஆபீஸ்ல ஆணி புடுங்குனது போக மிச்ச நேரத்துல படம் பிடிக்கிற கேஸு. கொஞ்சம் சொந்தக் கதையும் வரும், பொறுத்துக்கோங்க.

இப்ப மறுபடியும் அந்தப் பழைய சட்டைப்பை சைஸ் டிஜிட்டல் கேமராவுக்கு மவுசு வந்திருக்கு மக்களே. எங்க டீம்லயே மூணு பேர் வீட்டுப் பரண்லேர்ந்து தேடி எடுத்து வச்சிருக்காங்க. ரெண்டு பேர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டாங்க. வாங்கின கையோட என்கிட்ட வந்து கேக்குறது ஒரே கேள்விதான்: "எந்த மெமரி கார்டு போடலாம்? கம்மி விலையில நிறைய ஜிபி எதுல கிடைக்கும்?"

அந்த ரெண்டாவது கேள்விதான் தப்பு. எப்படித் தெரியும்னா, நானும் அதையேதான் கேட்டேன்.

சித்தப்பா 2008-ல வாங்கின கேனன் பவர்ஷாட் ஏ590. 8 மெகாபிக்சல், ரெண்டு பென்சில் பேட்டரி. அவர் செல்போனுக்கு மாறினதும் அது பீரோவுக்குள்ள போயிடுச்சு. 2023-ல நான் போய்க் கேட்டப்ப, உள்ள இருந்த 2 ஜிபி கார்டோட அப்படியே எடுத்துக் குடுத்தார். நான் முதல் வேலையா அந்த 2 ஜிபியைக் கழட்டி அவர்கிட்டயே திருப்பிக் குடுத்தேன். "ஏன்டா, பத்தாதா? நாங்க 36 படம் ரோல்ல ஒரு கல்யாணத்தையே எடுத்திருக்கோம்"னார். பெருசுங்க அப்படித்தான் பேசும்னு சிரிச்சுக்கிட்டேன்.

ஆன்லைன்ல தேடினேன். பேரு தெரிஞ்ச கார்டு மாதிரியே இருக்கு, 32 ஜிபி, விலை மத்த இடத்தைவிட ஒரு 200 ரூபா கம்மி. ரூபாய்க்கு எத்தனை எம்பின்னு மனசுக்குள்ள வகுத்தலெல்லாம் போட்டுப் பார்த்துட்டு ஆர்டர் பண்ணிட்டேன். எந்தத் தளம், எந்த விற்பனையாளர்ங்கறது வேண்டாம், விடுங்க. கார்டு வந்துச்சு, போட்டேன், கேமரா இன்னும் எட்டாயிரத்துச் சொச்சம் படம் எடுக்கலாம்னு காட்டுச்சு. ஒரே குஷி.

ஆறு மாசம் இஷ்டத்துக்குச் சுட்டேன். டீக்கடை பாய்லர், மழைத்தண்ணி, எங்க தெரு நாய் (தூங்கும்போது, கொட்டாவி விடும்போது, மறுபடி தூங்கும்போது). எதையும் கம்ப்யூட்டருக்கு மாத்தல. 32 ஜிபி இருக்கே, நிரம்பட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு ஒரு தெனாவெட்டு.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன், சிவகங்கை பக்கம். எங்க அப்பத்தா போட்டோன்னா விறைச்சுக்கிட்டு உக்காந்துடும். பாஸ்போர்ட் சைஸ் மூஞ்சி. அன்னிக்கு என்னவோ திண்ணையில உக்காந்து கரும்பைக் கடிக்க முடியாம தானே சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. பல்லு கிடையாது, வாய் நிறைய சிரிப்பு. எடுத்துட்டேன். பட்டனை அமுக்கிப் பிடிச்சபடியே திரையைக் காட்டினேன். "அடி ஆத்தீ, இதுக்குள்ளயா நான் இருக்கேன்!"னுச்சு.

அந்த வருஷம் ஆவணியில அப்பத்தா போயிடுச்சு.

கருமாதிக்கு வைக்க படம் வேணும்னு அப்பா கேட்டார். என்கிட்ட இருக்குப்பான்னு பந்தாவா லேப்டாப்ல கார்டைச் சொருகினேன். பைல் பேர் எல்லாம் வரிசையா இருக்கு. சைஸ் சரியா இருக்கு. தேதி சரியா இருக்கு. திறந்தா ஒண்ணும் திறக்க மாட்டேங்குது. பொங்கல் படம் ஒண்ணு விடாம அப்படி. ஆனா முதல் ஆயிரத்து முந்நூறு படம் பளிச்சுன்னு இருக்கு. தெரு நாய் கொட்டாவி விடுறது அத்தனை தெளிவு.

வாக்காளர் அட்டையில இருந்த படத்தைப் பெருசாக்கி மாலை போட்டோம்.

படத்தை மீட்டுக் குடுக்கிற சாப்ட்வேர்ல போட்டோரெக்னு ஒண்ணு இலவசமாவே கிடைக்குது. நல்ல சாமான். தெரியாம அழிச்சுட்டா, பார்மட் பண்ணிட்டா, மேல வேற எதுவும் எழுதாம இருந்தா பெரும்பாலும் மீட்டுத் தந்துடும். எனக்கு ஒண்ணும் வரல. அப்புறம்தான் புரிஞ்சுது: அந்தப் படங்கள் அழியல, எழுதப்படவே இல்ல.

இது எப்படின்னு கொஞ்சம் விளக்கிடறேன், ஏன்னா நிறைய பேர் போலி கார்டுன்னா "சீக்கிரம் கெட்டுப் போற கார்டு"ன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படி இல்லீங்க. ஒவ்வொரு எஸ்டி கார்டுக்குள்ளயும் நினைவகச் சில்லோட ஒரு குட்டி மைக்ரோகன்ட்ரோலரும் இருக்கு. நான் எத்தனை ஜிபின்னு கேமராகிட்ட சொல்றது அந்தக் குட்டிதான். போலி பண்றவன் உள்ள 4 ஜிபி சில்லை வச்சுட்டு, கன்ட்ரோலரை "நான் 32"னு பொய் சொல்ல வைக்கிறான். முதல் 4 ஜிபி வரைக்கும் எல்லாம் ஒழுங்கா நடக்கும். அதுக்கு மேல வர்றதை வாங்கின மாதிரி பாவ்லா காட்டிட்டுக் கீழ போட்டுடும், இல்லாட்டி பழைய படத்து மேலயே எழுதும். என் கார்டு முதல் ரகம். எந்த இடத்துல எந்தப் படம் இருக்குங்கிற அட்டவணை மட்டும் கார்டோட ஆரம்பத்துலயே, நிஜ இடத்துல இருக்கு. அதனாலதான் பேரும் சைஸும் சரியா இருந்துச்சு. எடுத்த உடனே திரையில காட்டுறது கேமராவோட சொந்த நினைவகத்துலேர்ந்து. அதனாலதான் அப்பத்தாவுக்குத் தெரிஞ்சுது.

ஆண்ட்ரூ ஹுவாங்னு ஒரு ஹார்ட்வேர் ஆசாமி. 'பன்னி'ன்னா எல்லாருக்கும் தெரியும் (நம்ம ஊர் பன்னி இல்லீங்க, முயல் குட்டி!). 2010-லயே சந்தேகமான மைக்ரோ எஸ்டி கார்டுகளை வாங்கி, பிரிச்சு, உள்ள இருக்கிறதைப் படம் பிடிச்சு எழுதியிருக்கார். 2013 டிசம்பர்ல ஹாம்பர்க்ல நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ்ல, சில கார்டுகளுக்குள்ள இருக்கிற கன்ட்ரோலர்ல நம்ம சொந்த நிரலையே ஓட்டலாம்னு செஞ்சே காட்டினார். பொறியியல் படிச்ச எனக்கு இதெல்லாம் 2023-லயே தெரிஞ்சிருக்கணும். 200 ரூபா மிச்சம் கண்ணை மறைச்சுடுச்சு.

சரி, அப்ப எது மலிவு? என் கட்சி இதுதான்: கேமராவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வாங்கணும், ஒண்ணுக்கு ரெண்டா வாங்கணும், ஒவ்வொரு விசேஷம் முடிஞ்சதும் காலி பண்ணணும். கணக்கு பாருங்க. ஏ590-ல ஒரு படம் சுமாரா 3 எம்பி. சித்தப்பாவோட 2 ஜிபியிலயே 600 படத்துக்கு மேல பிடிக்கும். 16 ஜிபின்னா ஐயாயிரம். ஒரு பொங்கலுக்கு யாருங்க ஐயாயிரம் படம் எடுக்குறா? இடம் நிறைய இருந்தா நாம மாத்த மாட்டோம், மாத்தலன்னா பார்க்க மாட்டோம். என் கார்டு போலிதான், ஆனா அடுத்த வாரமே மாத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும். மறுபடி போய் எடுத்திருக்கலாம். ஏழு மாசம் இருந்துச்சு எனக்கு.

பெரிய கார்டு பழைய கேமராவுல வேலை செய்யாதுங்கறது இன்னொரு விஷயம். சாதா எஸ்டின்னா 2 ஜிபி வரைக்கும். 2006-ல எஸ்டிஎச்சி வந்தப்ப 32 வரைக்கும் போச்சு. அதுக்கு மேல போற எஸ்டிஎக்ஸ்சி 2009-லதான் வந்துச்சு. அதுக்கு முந்தின கேமராவுல 64 போட்டா "கார்டு பிழை"ன்னு காட்ட வாய்ப்பு அதிகம். 2006-க்கும் முந்தினதுன்னா 4 ஜிபி கூடத் தகராறு பண்ணலாம். பழைய சோனியில மெமரி ஸ்டிக், பழைய ஒலிம்பஸ், பூஜிபில்ம்ல எக்ஸ்டி கார்டுன்னு தனித்தனி ராஜ்ஜியம் வேற. 2010 வாக்குல எல்லாரும் எஸ்டி பக்கம் வந்துட்டாங்க. அதனால செகண்ட் ஹேண்ட்ல கேமரா வாங்கறவங்க முதல்ல கார்டு போடுற ஓட்டையைப் பாருங்க. கேமரா சல்லிசாக் கிடைச்சு கார்டுக்கு அலையறவங்களை நானே பாத்திருக்கேன்.

வேகம் பத்தி யூடியூப்ல ஆளாளுக்குப் பயமுறுத்துறாங்க. அட்டையில "200 எம்பி/வினாடி"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பான். அது படிக்கிற வேகம், எழுதுற வேகம் இல்ல. அதுவும் யூஎச்எஸ்-1 கார்டுன்னா விதிப்படி உச்சமே 104தான், அதுக்கு மேல வேணும்னா அந்தக் கம்பெனியோட ஸ்பெஷல் ரீடர் வேணும். நாம பார்க்க வேண்டியது சின்ன எழுத்துல இருக்கிற 'சி'க்குள்ள 10, 'யூ'க்குள்ள 1 அல்லது 3, 'வி30' இந்த மாதிரி குறிகளை. இதெல்லாம் குறைஞ்சபட்ச எழுதும் வேகத்துக்கான உத்தரவாதம். பழைய சின்ன கேமராவுக்கு கிளாஸ் 10 தாராளம். புதுசா 4கே வீடியோ எடுக்கிற கேமராவா? 100 மெகாபிட்னு பயமுறுத்துவாங்க. எட்டால வகுங்க, வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். வி30 கார்டு 30 தரும். வி90 வாங்கி ஏமாறாதீங்க, அது பெரிய கேமராக்காரங்க சமாசாரம். ஏ1, ஏ2ன்னு போட்டிருந்தா அது போன்ல ஆப் ஓட்டுறதுக்கு, அதுக்காகக் கூடக் காசு குடுக்காதீங்க.

மைக்ரோ எஸ்டி வாங்கி அடாப்டர்ல போட்டுக்கலாமான்னு கேட்பீங்க. போடலாம், ஓடும். ஆனா தளர்ந்துபோக இன்னொரு இணைப்பு எதுக்கு? முழு சைஸ் கார்டே வாங்கிடுங்க.

இந்த முறை ரிச்சி தெருவுல, பில் போட்டுக் குடுக்குற ஒரு கடையில 16 ஜிபி ரெண்டு வாங்கினேன். கொஞ்சம் கூடத்தான் ஆச்சு. வீட்டுக்கு வந்ததும் பிரிச்ச சூட்டோட சோதனை. விண்டோஸ்ல எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ், மேக்ல எப்3. ரெண்டும் இலவசம். கார்டு முழுக்க எழுதி, மறுபடி படிச்சு, ஒத்துப் போகுதான்னு பார்க்கும். கொஞ்ச நேரம் பிடிக்கும், அதுக்குள்ள ஒரு சாப்பாட்டுக் கடையை முடிச்சுட்டு வந்துடலாம். 16 ஜிபின்னு வாங்கி கம்ப்யூட்டர்ல 14.9னு காட்டினா கடைக்காரரோட சண்டைக்குப் போயிடாதீங்க. அவங்க ஆயிரத்துல எண்ணுறாங்க, விண்டோஸ் 1024-ல எண்ணுது, அவ்வளவுதான்.

பழைய 32-ஐயும் சும்மா எப்3-ல ஓட்டிப் பார்த்தேன். 4 ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி. அதைத் தூக்கிப் போட மனசு வரல, மேஜை டிராயர்ல கிடக்கு.

போன மாசம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தப்ப அந்த 2 ஜிபி கார்டை வாங்கிப் படிச்சுப் பார்த்தேன். 2009-ல குத்தாலம் போனது அத்தனையும் இருக்கு. நான் ஆறாம் கிளாஸ், அரை டவுசர், நடுங்கிக்கிட்டு நிக்கறேன். பின்னாடி ஓரத்துல, பாதி வெட்டுப்பட்டு, துண்டால தலையைத் துவட்டிக்கிட்டு அப்பத்தா. சிரிக்கல. ஆனா இருக்கு. மூணு இடத்துல காப்பி எடுத்து வச்சிருக்கேன்.

பி.கு: கார்டோட பக்கவாட்டுல இருக்கிற பூட்டுப் பொத்தான் உடைஞ்சு "கார்டு பூட்டப்பட்டிருக்கு"ன்னு கேமரா அடம் பிடிச்சா புது கார்டுக்கு ஓடாதீங்க. அந்தப் பள்ளத்து மேல சின்னதா செல்லோ டேப் ஒட்டுங்க, வேலை செய்யும். பின்பக்கத் தங்கப் பட்டைகள் மேல மட்டும் டேப் படாம பாத்துக்கோங்க :-)