யோசிக்க 15 நிமிடம்

பட்டினப்பாக்கத்திலிருந்து கிரீன்வேஸ் சாலைப் பக்கமாக நடந்தால், ஒன்றுக்கொன்று எட்டும் தொலைவில் இரண்டு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். மற்றொன்று, ராஜா அண்ணாமலைபுரத்தில் தமிழக அரசு நடத்தும் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம். இரண்டாவதில் பயில்வோருக்கு முதன்மைத் தேர்வில் கட்டுரைக்கென்றே 250 மதிப்பெண் தாள் காத்திருக்கிறது. முதலாவதில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்குப் பிளஸ் 2 மதிப்பெண்ணே போதும். ஆட்சியராக விரும்புபவர் மூன்று மணி நேரம் எழுதிக் காட்ட வேண்டும். வாழ்நாள் முழுவதும் மனுவும் வாதுரையும் எழுதியே பிழைக்கப்போகும் வழக்கறிஞரிடம், ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள் என்று நுழைவாயிலில் எவரும் கேட்பதில்லை.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்விலும் இதே நிலைதான். திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் அதன் வழியாகவே மாணவர்களைச் சேர்க்கிறது. இளநிலைக்கு 120 நிமிடங்களில் 120 கொள்குறி வினாக்கள். முதுநிலைத் தேர்வில் 2019இல் கட்டுரைப் பகுதி ஒன்று இருந்தது. இன்று அதுவும் இல்லை. எல்.எல்.எம். பயில வருபவர், சட்டம் பற்றித் தாமாக ஒரு வாக்கியம்கூட அமைக்காமல் உள்ளே வந்துவிட முடியும்.

உலகப் போக்கும் ஏறத்தாழ இதுவே. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட், 2023இல் வந்த புதிய வடிவத்தில் கட்டுரையைக் கைவிட்டது. அதே ஆண்டில் ஜிஆர்இ, இரண்டு கட்டுரைகளை ஒன்றாகக் குறைத்தது. ஆனால், அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் எதிர்த்திசையில் நடந்தது. 2024 ஆகஸ்டில் அது கட்டுரைப் பகுதியைத் திருத்தியமைத்து, எழுதுவதற்கு 35 நிமிடம், அதற்கு முன் யோசித்துக் குறிப்பெடுக்க மட்டும் 15 நிமிடம் என்று பிரித்துக் கொடுத்தது. இதற்கு மதிப்பெண் கிடையாது. எழுதியது அப்படியே கல்லூரிகளுக்குச் செல்கிறது. இந்த 15 நிமிடத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

நம் பள்ளிகளில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. முதல் வரியில் ஒரு குறள், கடைசி வரியில் பாரதி. தலைப்பு என்னவாக இருந்தாலும் அச்சு ஒன்றே. பயிற்சி நிலையங்கள் இதையே சற்று விலையுயர்த்தி விற்கின்றன. கட்டுரைத் தேர்வு வந்தால் வசதியுள்ளவர்களே வெல்வார்கள் என்ற அச்சம் இங்கிருந்துதான் பிறக்கிறது. நீட் அனுபவத்துக்குப் பின் அந்த அச்சத்தைத் தமிழ்நாட்டில் எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. ஆயினும், மனப்பாடக் கட்டுரை செல்லுபடியாவதற்குக் காரணம் பெரும்பாலும் தலைப்புதான். பொதுப்படையான தலைப்புக்குப் பொதுப்படையான விடைதான் கிடைக்கும். ஒரு குறிப்பிட்ட சிக்கலைக் கொடுத்து முடிவெடுக்கச் சொன்னால் அச்சு உதவாது.

பட்டினப்பாக்கத்திலேயே அதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து இங்கு வரும் கடற்கரை இணைப்புச் சாலையில் இருந்த மீன் கடைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது; மீனவர்கள் சாலையில் அமர்ந்து போராடினார்கள். பின்னர் நொச்சிக்குப்பத்தில் மீன் அங்காடி கட்டப்பட்டது. இதைத் தேர்வில் கொடுத்தால், தயாரிப்பின்றி எழுதுபவர் ‘இரு தரப்புக்கும் நியாயம் வேண்டும்’ என்று இரண்டு பக்கம் நிரப்புவார். கால் மணி நேரம் யோசித்தவரோ முதலில் தம் முடிவை ஒரே வரியில் குறித்துக்கொள்வார். பொதுச்சாலை எவருடைய கடைக்கும் உரியதன்று என்பது ஒரு பக்க வாதம். சாலை போடப்படும் முன்பே அந்தக் கரை மீனவர்களின் புழங்கிடமாக இருந்தது என்பது மறுபக்க வாதம். தம் முடிவுக்கு எதிரான வாதங்களில் வலுவானது எது என்று கண்டு, அதற்கு விடை சொல்லும் இடத்தையும் அவர் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார். சீனிவாசபுரத்துப் பிள்ளைக்கு இந்தத் தலைப்பில் எந்தப் பயிற்சி நிலையமும் கூடுதலாகக் கற்றுத்தர எதுவுமில்லை.

ஆனால், அந்தப் பிள்ளை தமிழில் எழுத முடிய வேண்டும். குடிமைப் பணித் தேர்வில் கட்டுரையைத் தமிழிலும் எழுதலாம். அங்கும் பேசப்படாத ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் திட்டமிடலுக்குப் போனால் மீதி 140 நிமிடங்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 சொற்கள் எழுத வேண்டும். ‘எழுதவேண்டியிருந்தபோதிலும்’ என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்களாகிவிடும். சொல் எண்ணிக்கை இரு மொழிக்கும் ஒன்றே என்றால், தமிழில் எழுதுபவரின் கை அதிகம் ஓட வேண்டியிருக்கிறது. அவர் முதலில் வெட்டுவது திட்டமிடும் நேரத்தைத்தான். சொற்களுக்குப் பதிலாகப் பக்க அளவை வரையறுத்தால் இந்தச் சுமை பெருமளவு குறையும்.

தமிழகச் சட்டக் கல்லூரிகளின் இளநிலைச் சேர்க்கைக்குப் புதிதாக ஒரு நுழைவுத்தேர்வு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நுழைவுத்தேர்வுகளைச் சட்டம் இயற்றி நீக்கிய மாநிலம் இது. பிளஸ் 2 தமிழ்த் தாளில் முன்பின் அறியாத சிக்கல் ஒன்றைக் கொடுத்து, குறிப்பெடுக்கத் தனிப் பக்கமும் தனி நேரமும் தந்து, ஒரே ஒரு வினா கேட்டாலே போதும்.

முதுநிலைக் கிளாட் தேர்வின் கதை வேறு. அங்கே கட்டுரை திரும்ப வர வேண்டும். திருத்துவது கடினம், மதிப்பீட்டாளருக்கு மதிப்பீட்டாளர் மதிப்பெண் மாறும் என்பவை உண்மையான தடைகளே. ஆனால், முதுநிலைத் தேர்வு எழுதுவோர் இளநிலை எழுதுவோரைவிட மிகக் குறைவு. கொள்குறித் தேர்வில் முன்னணியில் வருபவர்களின் கட்டுரைகளை மட்டும் இருவர் தனித்தனியாகத் திருத்தலாம். இடைவெளி பெரிதானால் மூன்றாமவர் பார்க்கலாம். தேர்வை நடத்தும் கூட்டமைப்பில் திருச்சிப் பல்கலைக்கழகமும் உறுப்பினர் என்பதால், தமிழில் எழுதும் உரிமையையும் சேர்த்து இந்தக் கோரிக்கையை அதுவே அங்கே எழுப்பலாம்.